கல்லை இறக்கிய பிறகு வரும் இறக்கம்

தங்கச்சிமடம் வேர்க்காட்டுத் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்குச் சந்தியாகப்பர் வேற்றாள் அல்ல. அப்போஸ்தலர் யாக்கோபின் போர்த்துக்கீசியப் பெயரோடு நம் கடற்கரை மக்கள் ஓர் அப்பரைச் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அவருடைய கல்லறை என்று வணங்கப்படும் இடம் ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா பேராலயத்தில் இருக்கிறது. பிரெஞ்சு எல்லையிலிருந்து அங்கே போகும் பழைய திருப்பயணப் பாதை சுமார் 780 கிலோமீட்டர். முழுவதும் நடக்க ஐந்து வாரம் ஆகும். அந்தப் பாதையில் ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும்: ரபனாலில் தொடங்கி, இரும்புச் சிலுவையைக் கடந்து, மொலினாசேகாவில் முடிகிற நாள்.

இரும்புச் சிலுவை என்றதும் பெரிதாக எதையோ எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். சுமார் ஐந்து மீட்டர் உயர ஓக் மரக் கம்பம், அதன் நுனியில் சின்ன இரும்புச் சிலுவை, அடியில் கற்குவியல். மேலே இருப்பது நகல்தான், பழைய சிலுவை, பாதையில் ரபனாலுக்கு முன்பு வரும் அஸ்தோர்கா நகரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம் என்பதால் காற்று அறையும், மே மாதத்தில்கூட விரல் விறைக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த கல்லை இங்கே போட்டுவிட்டுப் போவது வழக்கம். விட முடியாத ஒன்றுக்கு, அது பாவமாகவோ, பகையாகவோ, குற்ற உணர்வாகவோ, செத்துப்போனவர்மேல் தீராத கோபமாகவோ இருக்கலாம், அந்தக் கல் அடையாளம்.

கல் நெல்லிக்காய் அளவு இருந்தால் போதும். பாரம் பெரிது என்று அரைக் கிலோ கல்லைத் தூக்கி வருகிறவர்கள் உண்டு. தொடக்கத்திலிருந்து நடந்தால் 550 கிலோமீட்டர் அதையும் சுமக்க வேண்டும். முதுகுப்பை மொத்தமே உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அறுபது கிலோ ஆளுக்கு ஆறு கிலோ, தண்ணீர் உட்பட. புகைப்படம், பிளாஸ்டிக் மாலை, துணி, கடிதம் எதையும் அங்கே விட வேண்டாம். மழையில் ஊறிக் குப்பையாகும், யாரோ ஒருவர் குனிந்து பொறுக்க வேண்டியிருக்கும். நம் பழைய பாரத்தை இன்னொருவர் முதுகில் ஏற்றுவது பரிகாரமாகாது.

கல் போட்டதால் பாவம் போய்விடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது ஜெபத்துக்குக் கை கொடுக்கும் செயல் மட்டுமே. கத்தோலிக்கர் ஒப்புரவு அருளடையாளத்தை (பாவசங்கீர்த்தனத்தை) முன்னதாகவே, அஸ்தோர்காவில் விசாரித்து, பெற்றுக்கொள்வது நல்லது. முந்தைய இரவு ரபனாலில் தங்கினால் பெனடிக்ட் சபைத் துறவிகள் சிறிய கற்கோவிலில் கிரகோரியன் இசையில் பாடும் மாலை வழிபாடு கிடைக்கும். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் உட்கார்ந்திருக்கலாம். சங்கீதங்கள்தானே.

காலையில் ரபனாலிலிருந்து ஃபோன்செபாதோன் சுமார் ஆறு கிலோமீட்டர் ஏற்றம், அங்கிருந்து சிலுவை இரண்டு கிலோமீட்டர். ஃபோன்செபாதோனிலேயே தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்த உறுதியான ஊர் எல் அசேபோ, பதினோரு கிலோமீட்டர் தள்ளி. நடுவில் மஞ்சாரின் என்று வரைபடத்தில் ஒரு பெயர் இருக்கும், இடிந்த வீடுகள்தான் மிச்சம். அதை நம்பிப் போக வேண்டாம். குவியலின்மேல் ஏறிக் கல்லை வைத்து, ஜெபித்து, இறங்கப் பத்து நிமிடம் ஆகலாம். சிலர் அழுவார்கள். அப்போது கேமராவைத் தாழ்த்திக்கொள்வது மரியாதை.

பெரும்பாலான பயணக் குறிப்புகள் இங்கேயே முடிந்துவிடுகின்றன. உண்மையான வேலை தொடங்குவது இங்கேதான். சிலுவையிலிருந்து மொலினாசேகா வரை சுமார் பதினேழு கிலோமீட்டரில் பாதை 900 மீட்டர் கீழே விழுகிறது. எல் அசேபோவுக்கு முன்னும் பின்னும் உடைந்த பலகைக்கல்லும் உருள்கிற சரளையும். கல்லைப் போட்ட லேசான மனசோடு வேகமாக இறங்குகிறவர்களுக்குத்தான் முழங்கால் பிடிக்கிறது. இரண்டு நாள் கழித்துக் கணுக்காலுக்கு மேல் முன்பக்கத் தசைநாண் வீங்கி, பயணத்தைப் பாதியில் நிறுத்துகிறவர்களும் உண்டு. காரணம் எளிது: ஏறும்போது மூச்சு வாங்குவதால் உடம்பே நம்மை நிறுத்திவிடும். இறங்கும்போது மூச்சு வாங்காது, வலி மறுநாள்தான் கணக்குக் கேட்கும்.

சிலுவையடியிலேயே காலணிக் கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். இல்லையென்றால் விரல்கள் முன்னால் இடித்து நகம் கறுக்கும். நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டியிருக்க வேண்டும். ஊன்றுகோலை ஐந்து சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருக்க, அடி குட்டையாக இருக்கட்டும். எல் அசேபோவில் காலுறையை மாற்றி, சூடு கண்ட இடத்தில் கொப்புளம் வருமுன் நாடா ஒட்ட வேண்டும். மழை பெய்தால் தார்ச்சாலை வழியே இறங்கலாம், அதில் வெட்கமில்லை. சைக்கிளில் வருகிறவர்கள் பிரேக் சூடாகாமல் நின்று நின்று இறங்க வேண்டும். எல் அசேபோ ஓரத்தில் இரும்பாலான ஒரு சைக்கிள் நினைவுச்சின்னம் நிற்கிறது, பயணத்தில் இறந்த ஒருவருக்காக.

கால் மட்டும் அல்ல, போட்ட கல்லும் திரும்பி வரும். மறுநாளே பழைய நினைவு அதே சூட்டோடு எழும், 'அப்போ நேற்று செய்தது பொய்யா?' என்று மனம் சோரும். எபிரெயர் நிருபம் பாரமான யாவற்றையும் தள்ளிவிடச் சொன்ன அதே மூச்சில் "பொறுமையோடே ஓடக்கடவோம்" என்கிறது. தள்ளுவது ஒரு செயல், ஓடுவது தினசரி. பவுலும் பின்னானவைகளை மறந்துவிட்டேன், முடிந்தது என்று எழுதவில்லை. மறந்து, நாடி, தொடருகிறேன் என்கிறார். நினைவு வந்தால் அதன் பெயரைச் சொல்லி ஒரு 'பரலோக மந்திரம்' சொல்லிவிட்டு பாதை காட்டும் அடுத்த மஞ்சள் அம்புக்குறியைத் தேடுவது நடைமுறையில் உதவுகிறது. புதிதாக இன்னொரு கல் தேட வேண்டாம்.

மொலினாசேகாவில் பழைய கற்பாலத்தின் கீழ் ஆறு ஓடுகிறது. கால்களை அரைமணி நேரம் நீரில் வையுங்கள். வீக்கம் இருந்தால் மறுநாள் எட்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள பொன்ஃபெராடாவோடு நிறுத்தி ஓய்வெடுங்கள். அங்கே மருந்துக்கடை, மருத்துவமனை, ரயில் நிலையம் எல்லாம் உண்டு. சாந்தியாகோவுக்கு இன்னும் 200 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. சான்றிதழ் வேண்டுமானால் கடைசி நூறு கிலோமீட்டரையாவது நடந்திருக்க வேண்டும்.

பொன்ஃபெராடாவுக்கு அடுத்த நாள் வருவது வில்லாஃபிராங்கா. அங்கே சந்தியாகப்பர் கோவிலின் வடக்கு வாசலுக்கு மன்னிப்பின் கதவு என்று பெயர். நோயால் மேலே நடக்க முடியாமல் போன பயணிகளுக்கு, சாந்தியாகோ சென்றால் கிடைக்கும் அதே பலனை இந்த வாசலிலேயே வழங்கினார்கள். ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வரும் புனித ஆண்டுகளில்தான் அது திறக்கும். அடுத்தது 2027.