பாத வலியும் மூன்று சக்கர மிதிவண்டியும்

குதிகால் வலியால் நடைப்பயிற்சியைக் கைவிட்ட எனக்கு, சாய்ந்து அமர்ந்து ஓட்டும் மூன்று சக்கர மிதிவண்டிதான் வெளிக்காற்றைத் திருப்பித் தந்தது. அமெரிக்காவின் மிசௌரி ஆற்றை ஒட்டிப் பழைய ரயில் பாதையில் அமைந்த, சுமார் 385 கிலோமீட்டர் நீளமுள்ள கேட்டி என்னும் மிதிவண்டித் தடத்தில் வார இறுதிகளில் ஓட்டுகிறேன். ஆனால் இவ்வண்டியில் பெடல்கள் ஏறக்குறைய இடுப்பின் உயரத்தில் இருப்பதால், ஒரு மணி நேரத்துக்குள் கால்விரல்கள் மரத்து, முன்பாதம் தீப்பட்டதுபோல் எரியத் தொடங்கும். பெடலைப் பாதத்தின் நடுப்பகுதியால் மிதிக்கப் பழகி, குதிகாலைத் தாங்கும் பட்டையைப் பொருத்தி, அகலமான காலணிக்கும் மாறிய பின்னரே அந்த எரிச்சல் தணிந்தது. கால் நழுவித் தரையில் பட்டால் ஓடும் வண்டி அதன்மேலேயே ஏறிவிடக்கூடும் என்பதால், அந்தப் பட்டையை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். நேற்று 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, வலியின்றி வீட்டுப் படியேறினேன்.