கேங்லியா கிராஃப் பின்தங்கினால் எங்கே பார்ப்பது? புதுச்சேரி க்ளஸ்டர் அனுபவம்

க்ளஸ்டரின் நோடுகளில் (சேர்ந்து வேலை செய்யும் கணினிகளில்) வேலை ஓடுகிறது. அவற்றைக் கண்காணிக்கும் கேங்லியா மென்பொருளின் கிராஃபில் மட்டும் வலது ஓரம் காலியாகக் கிடக்கிறது, இல்லாவிட்டால் ஐந்து நிமிடம் கழித்துத்தான் கோடு எழும்புகிறது. புதுச்சேரியில் நாங்கள் பார்த்துக்கொள்ளும் கல்லூரி க்ளஸ்டரில் மழைக்காலம் வந்தால் இதுவும் வந்துவிடும். புயல் எச்சரிக்கை என்றால் எல்லாவற்றையும் நிறுத்துவோம், கரண்ட் சீரானதும் ஏற்றுவோம், அதன் பிறகுதான் தொல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் கரையைக் கடந்த பிறகும் இதே கதைதான். இப்படி ஆனால் பலரும் முதலில் கை வைப்பது அளவீடுகளைச் சேகரிக்கும் ஜிமெட்டாடி நிரலின் 15 விநாடி இடைவெளியில். அதை 5 ஆக்கிவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். டிஸ்க் திணறுவதுதான் காரணம் என்றால் நிலைமை மோசமாகும். மற்றக் காரணங்களுக்கு அது மருந்தே இல்லை.

தகவல் போகும் வழி இதுதான். நோடில் இருக்கும் ஜிமாண்ட் என்ற நிரல் அளந்து, யூடிபி 8649இல் அனுப்புகிறது. தலைமை நோடின் ஜிமாண்ட் அதை நினைவகத்தில் சேர்த்து வைக்கிறது. ஜிமெட்டாடி அதே போர்ட் எண்ணில் டிசிபி வழியாக எக்ஸ்எம்எல்லாக வாங்கி ஆர்ஆர்டி கோப்பில் (நேரவாரியாக மதிப்புகளைச் சேமிக்கும் கோப்பு) எழுதுகிறது. வலைப்பக்கம் கோப்பைப் படித்து வரைகிறது. எங்கே தேங்குகிறது என்று தெரியாமல் எதையும் மாற்றக் கூடாது. தலைமை நோடில் நெட்கேட் வைத்து லோக்கல்ஹோஸ்ட் 8649ஐத் திறந்தால் எக்ஸ்எம்எல் கொட்டும். ஒவ்வொரு அளவீட்டுக்கும் டிஎன், டிமேக்ஸ் என்று இரண்டு எண் இருக்கும். மதிப்பு வந்து எத்தனை விநாடி ஆயிற்று என்பது டிஎன். அடுத்தது எத்தனை விநாடிக்குள் வந்தாக வேண்டும் என்பது டிமேக்ஸ். டிஎன் டிமேக்ஸைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் கோளாறு நோடிலோ நெட்வொர்க்கிலோ. டிஎன் ஒழுங்காக இருந்தும் கிராஃப் பின்தங்கினால் ஜிமெட்டாடியில் தொடங்கிப் பாருங்கள்.

சில தாமதம் கோளாறே இல்லை. ஜிமாண்டின் இயல்பு அமைப்பில் சிபியு 20 விநாடிக்கு ஒருமுறை அளக்கப்படும்; ஆனால் மதிப்பு குறிப்பிட்ட அளவு மாறினால்தான் உடனே அனுப்பும், மாறாவிட்டால் 90 விநாடி வரை சும்மா இருக்கும். நினைவக அளவீட்டுக்கு அது 180, நெட்வொர்க்குக்கு 300. சும்மா கிடக்கும் நோடில் டிஎன் 70 என்று இருந்தால் பதற வேண்டாம். நோடே செத்துவிட்டது என்று பக்கம் சிவப்பு காட்டுவது, ஹோஸ்டின் டிஎன் டிமேக்ஸைப் போல நான்கு மடங்கைத் தாண்டும்போது; டிமேக்ஸ் 20 என்பதால் 80 விநாடி.

நெட்வொர்க் பக்கத்தில் அடிக்கடி மாட்டுவது ஸ்விட்ச். இடி மின்னலில் பழைய ஸ்விட்ச் போய், கடையில் கிடைத்ததை மாட்டியிருப்பார்கள். அதில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (மல்டிகாஸ்ட், அதாவது ஒரு குழுவுக்கே சேர்த்து அனுப்பும் பாக்கெட்டை, கேட்ட போர்ட்டுக்கு மட்டும் விடும் வசதி) ஆன் ஆகியிருக்கும், குழுவில் யார் இருக்கிறார்கள் என்று அவ்வப்போது கேட்கும் கொயரியர் இருக்காது. அடையாளம் தெளிவு: ஜிமாண்டை ரீஸ்டார்ட் செய்தால் எல்லா நோடும் உயிர் பெறும், நாலைந்து நிமிடத்தில் ஒவ்வொன்றாக மறையும். குழு உறுப்பினர் பதிவு 260 விநாடியில் காலாவதியாவதுதான் காரணம். டிசிபிடம்ப் வைத்து 8649ஐக் கவனித்தால் கேங்லியாவின் மல்டிகாஸ்ட் முகவரியான 239.2.11.71க்கு வரும் பாக்கெட் நின்றுபோவது கண்ணெதிரே தெரியும். கொயரியரை ஆன் செய்யலாம். எங்கள் கருத்து, மல்டிகாஸ்டையே விட்டுவிட்டு நேராகத் தலைமை நோடுக்கே அனுப்பும் யூனிகாஸ்டுக்குப் போவது நிம்மதி. அப்படிப் போனால் எல்லா நோடிலும் அளவீடுகளின் விவரத்தை எத்தனை விநாடிக்கு ஒருமுறை அனுப்புவது என்று சொல்லும் சென்ட் மெட்டாடேட்டா இன்டர்வெல்லை 30 அல்லது 60 ஆக்க மறக்காதீர்கள். இயல்பில் அது 0. அப்படியே விட்டால், தலைமை ஜிமாண்ட் ஒருமுறை ரீஸ்டார்ட் ஆனதும், மற்ற நோடுகளின் ஜிமாண்டையும் ரீஸ்டார்ட் செய்யும் வரை அளவீடுகள் திரும்பி வராது.

டிஎன் சரி, கிராஃப் தவறு என்றால் முதலில் தலைமை நோடின் கடிகாரம். ஜிமெட்டாடி ஆர்ஆர்டியில் எழுதும் நேரம், அது எந்த ஜிமாண்டிடம் வாங்குகிறதோ அந்த ஜிமாண்ட் சொல்லும் நேரம். கணக்குப் போடும் நோடுகளின் கடிகாரம் எப்படிப் போனாலும் இதற்குச் சம்பந்தமில்லை. வலைப்பக்கம் வேறு சர்வரில் ஓடி, தலைமை நோடு நான்கு நிமிடம் பின்னால் இருந்தால் கிராஃபின் வலது ஓரத்தில் எப்போதும் நான்கு நிமிடம் வெறுமை.

இதைவிடக் கொடுமை, மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரியை மாற்றிவிட்டு பயாஸில் கைக்கடிகார நேரத்தை அப்படியே ஏற்றுவது. லினக்ஸ் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்ளும். கடிகாரம் 5½ மணி நேரம் முன்னால் ஓடும். இணையம் வந்து, நேரத்தை ஒத்திசைக்கும் க்ரோனி திருத்துவதற்குள் கோப்புகளில் எதிர்கால நேரம் பதிந்துவிடும். பிறகு வரும் ஒவ்வொரு மதிப்பையும், கடைசிப் பதிவுக்கு முந்தைய நேரம் என்று ஆர்ஆர்டி தள்ளிவிடும். சிஸ்டம் லாக் முழுக்க அந்தப் புகார்தான். கோப்பை டம்ப் செய்து கடைசிப் பதிவு நேரத்தைத் திருத்தலாம் என்று தோன்றும். செய்தால் பழைய வரலாறு முழுவதும் அதே அளவு இடம்பெயரும், ஏனென்றால் வரிசைகளின் நேரம் அந்த ஒரு எண்ணிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. 5½ மணி நேரம் பொறுப்பதே மேல். அவசரமென்றால் கோப்புகளை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். க்ரோனி அமைப்பில் கடிகாரத்தை ஒரே தாவலில் திருத்த அனுமதிக்கும் மேக்ஸ்டெப் (makestep) வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் மெதுவாக நகர்த்தியே திருத்தும், ஒரு மணி நேரப் பிழைக்கு 12 மணி நேரம் பிடிக்கும்.

கடிகாரமும் சரி என்றால் டிஸ்க். ஓர் அளவீட்டுக்கு ஒரு கோப்பு. 48 நோடு, ஒவ்வொன்றிலும் 35 அளவீடு என்று வைத்தால் 1680 கோப்பு. 15 விநாடிக்கு ஒருமுறை என்றால் நொடிக்கு 112 சிதறல் எழுத்து. சாதாரண 7200 ஆர்பிஎம் டிஸ்க்குக்கு அது தாங்காது. டிஸ்கின் வேலைப்பளுவைக் காட்டும் ஐஓஸ்டாட்டில் பயன்பாடு 100 சதவீதத்தை ஒட்டியே நின்றால் சந்தேகம் வேண்டாம். ஆர்ஆர்டியின் ஹார்ட்பீட் (மதிப்பு வராமல் எவ்வளவு நேரம் பொறுக்கும் என்ற வரம்பு) 120 விநாடி என்பதால் அதற்குக் குறைந்த தாமதம் கிராஃபில் ஓட்டையாக விழாது, தட்டையான கோடாகத்தான் தெரியும். அதனால் வெகுநாள் கவனிக்காமலே விட்டுவிடுவார்கள்.

மருந்து, மதிப்புகளை நினைவகத்தில் சேர்த்து வைத்து மொத்தமாக எழுதும் ஆர்ஆர்டிகேஷ்டி. ஆனால் அதைப் போட்ட பிறகு புதிதாக ஐந்து நிமிடத் தாமதம் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்: இயல்பாக 300 விநாடி நினைவகத்தில் வைத்திருந்துதான் அது டிஸ்கில் எழுதும். ஜிமெட்டாடிக்குச் சாக்கெட் முகவரியைக் கொடுத்திருப்பார்கள், கேங்லியா வலைப்பக்கத்தின் கான்ஃபிக் கோப்பில் கொடுத்திருக்க மாட்டார்கள். அங்கேயும் கொடுத்தால், வரைவதற்கு முன் அந்தக் கோப்பை மட்டும் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கும், தாமதம் போய்விடும். கோப்புகளை நினைவகத்திலேயே இருக்கும் டிஎம்பிஎஃப்எஸ்ஸில் வைக்கும் வழியும் உண்டு. யூபிஎஸ் கைவிட்டால் எல்லாம் போகும் என்பதால், இந்த ஊர் மழைக்காலத்துக்கு ஜர்னல் (வந்த மதிப்புகளை டிஸ்கில் குறித்து வைக்கும் பதிவு) ஆன் செய்த ஆர்ஆர்டிகேஷ்டிதான் சரி.

ஒரே ஒரு நோடு மட்டும் பின்தங்கினால் அதில் யாராவது சேர்த்த பைத்தான் மாட்யூலைப் பாருங்கள். ஜிமாண்ட் அளவீடுகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எடுக்கிறது. ஜிபியு வெப்பநிலை கேட்டு மாட்யூல் 30 விநாடி நின்றால் அந்த நோடின் சிபியு அளவீடும் சேர்ந்து நிற்கும். அதை, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் க்ரானுக்கு மாற்றி, கேங்லியாவின் ஜிமெட்ரிக் கட்டளை வழியே அனுப்புவது எளிது. ரீஸ்டார்ட் செய்த உடனே மட்டும் எல்லா நோடும் மெதுவாக வந்தால் ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபி முகவரியிலிருந்து பெயரைத் தேடுவது) காரணமாகலாம். தலைமை நோடின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எல்லாப் பெயரையும் எழுதிவிடுங்கள்.

இத்தனையும் சரியான பிறகு ஒரு க்ரான் வேலை போட்டு வைப்பது நல்லது. தலைமை நோடின் லோட் கோப்பில் ஆர்ஆர்டிடூலின் லாஸ்ட் கட்டளையை ஆர்ஆர்டிகேஷ்டியின் முகவரியோடு ஓட்டி, வரும் எண்ணை வேறொரு சர்வரின் தற்போதைய நேரத்திலிருந்து கழியுங்கள். 60 விநாடிக்கு மேல் போனாலும், எதிர்க்குறியில் வந்தாலும் மெயில் வரட்டும்.