கம்பனி காப்புறுதி மாறினாலும் அதே டொக்டரிடம் போகலாமா?

கம்பனி காப்புறுதியை மாற்றுகிறது என்றதும் திருகோணமலையில் பலருக்கும் வரும் முதல் பயம், "இனி எங்கட டொக்டரிட்ட போகேலாதோ?" என்பதுதான். பெரும்பாலும் போகலாம். இங்கே ஊழியர்களுக்காகக் கம்பனி எடுக்கும் குழுக் காப்புறுதிகள் பெரும்பாலும் டொக்டரைப் பார்ப்பதில்லை, ஆஸ்பத்திரியைத்தான் பார்க்கும். பெரியாஸ்பத்திரியில் பகலில் கிளினிக் பார்க்கும் நிபுணரே மாலையில் தனியார் இடத்தில் சனலிங் (காசு கட்டி நேரம் பதிந்து காட்டுவது) பார்ப்பார். அந்த இடம் புதிய காப்புறுதியின் பட்டியலில் உண்டா என்று எச்ஆரிடம், அதாவது கம்பனியின் ஆளணிப் பிரிவிடம், கேளுங்கள். இல்லையென்றால், சனலிங்குக்குப் பலவேளை இருந்தாலும், முதலில் காசைக் கட்டிவிட்டு, பிறகு கிளெய்ம் போட வேண்டும்.

உண்மையான சிக்கல் பழைய வருத்தங்கள். சீனியோ பிரஷரோ இருந்தால், புதிய ஒப்பந்தம் அதைக் காத்திருப்புக் காலத்துக்குள் தள்ளலாம், அதாவது அந்தக் காலம் முடியும்வரை அந்த வருத்தத்துக்குக் காசு தராது. முன்பிருந்த நோய்களுக்கும் காப்பு இடைவெளியின்றித் தொடரும் என்று எழுத்தில் வாங்க வேண்டும். ஒப்பந்தம் கம்பனியின் பெயரில் இருப்பதால் இதை எச்ஆர்தான் கேட்க வேண்டும், அதுவும் கையெழுத்திட முன்பே. பிறகு கேட்டுப் பலன் குறைவு.

கிளெய்ம் திரும்பி வருவது பெரும்பாலும் டொக்டர் எழுதித் தரும் மருந்துத் துண்டில் உள்ள குறையால். சனலிங் பில் மட்டும் போதாது. மருந்துத் துண்டில் உங்கள் பெயர், திகதி, நோயின் பெயர், டொக்டரின் கையொப்பம், மருத்துவச் சபைப் பதிவு இலக்கமுள்ள முத்திரை எல்லாம் வேண்டும். பார்மசி பில்லில் ஒவ்வொரு மருந்தின் பெயரும் எண்ணிக்கையும் விலையும் தனித்தனியாக இருக்கட்டும். அறையை விட்டு வரமுன் பாருங்கள். கொழும்பிலிருந்து கிழமைக்கு ஒருநாள் வரும் டொக்டரென்றால், விடுபட்ட முத்திரைக்கு அடுத்த கிழமைதான்.

பழைய காப்பு முடியமுன் எடுத்த சிகிச்சையின் பில்கள் பழைய காப்புறுதிக் கம்பனிக்கே போக வேண்டும். பில் கொடுக்கும் கடைசித் திகதியைக் கேட்டு, உடனே கொடுத்துவிடுங்கள்.