பாலை நிறுத்தச் சொல்லவில்லை, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள்

சிறுநீரகக் கல்லுக்கு உணவு ஆலோசனை பெறப் போகிறவர்கள் கையில் இரண்டு முடிவுகள் இருக்க வேண்டும்: வெளியேறிய கல்லின் பகுப்பாய்வு, 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை. என் உணவியல் நிபுணர் இரண்டையும் படித்த பிறகுதான் சாப்பாட்டைப் பற்றிப் பேசவே தொடங்கினார். கால்சியம் ஆக்சலேட் கல்லுக்கான உணவுமுறை யூரிக் அமிலக் கல்லுக்கு அப்படியே பொருந்தாது.

சிறுநீர் சேகரிக்கும் முறையைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் முதலில் கழிப்பதைச் சேர்க்கக் கூடாது. நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் ஒவ்வொரு முறையும் கேனில் சேர வேண்டும், மறுநாள் காலையின் முதல் சிறுநீர் உட்பட. வீட்டிலேயே இருக்கும் நாளைத் தேர்ந்தெடுத்தேன். சோதனைக்கென்று அன்று மட்டும் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கக் கூடாது. வழக்கமான நாள் எப்படியோ அப்படியே இருக்க வேண்டும்.

எனக்கு இருந்தது கால்சியம் ஆக்சலேட் கல். கால்சியம் என்றதும் பாலை விடச் சொல்லாதவர்களே இல்லை. நிபுணர் அதை உறுதியாக மறுத்தார். உணவிலுள்ள கால்சியம், கீரை போன்ற தாவர உணவுகளில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். அது இல்லாவிட்டால் ஆக்சலேட் தங்குதடையின்றி இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்கு வந்து சேரும். ஆகவே நாளுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம் உணவிலிருந்தே, அதுவும் சாப்பாட்டு வேளையில் கிடைக்க வேண்டும் என்றார். 2002இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றும் இதைத்தான் காட்டியது: கால்சியத்தைக் குறைத்தவர்களைவிட, அதை வழக்கம்போல் உண்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுக்கே ஐந்தாண்டுகளில் கல் திரும்ப வருவது குறைந்திருந்தது. இந்த ஒரு விளக்கத்தை எல்லா நோயாளிகளுக்கும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

உப்பில்தான் அவர் கண்டிப்பு. சோடியம் கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். நாளுக்கு 2300 மில்லிகிராம் சோடியம், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்பு, அதற்குமேல் வேண்டாம் என்றார். எவ்வளவு உப்பு உண்கிறோம் என்பதைச் சிறுநீரில் வெளியேறும் சோடியமே காட்டிக்கொடுத்துவிடும். பொட்டல உணவுகளின் உறையில் சோடியம் அளவைப் பார்க்கும் பழக்கம் அன்றுதான் வந்தது.

ஆக்சலேட் அதிகமுள்ள பசலைக்கீரை, பீட்ரூட், பாதாம் மூன்றையும் குறைத்தேன். கீரையை வேகவைத்து நீரை வடித்தால் ஆக்சலேட்டில் ஒரு பகுதி போய்விடும். உடலில் ஒரு பகுதி ஆக்சலேட்டாக மாறும் என்பதால் வைட்டமின் சி மாத்திரையை நிறுத்தச் சொன்னார். பழத்திலிருந்து கிடைப்பது போதுமாம்.

தண்ணீரைப் பொறுத்தவரை கணக்கு குடிப்பதில் இல்லை, கழிப்பதில்: நாளுக்கு 2.5 லிட்டர் சிறுநீராவது போக வேண்டும். வெயிலில் வியர்ப்பவர்கள் அதற்கேற்பக் கூடுதலாகக் குடிக்க வேண்டும். இதய நோயோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைப் பின்பற்ற வேண்டாம்.

சில மாதங்கள் கழித்து அதே சோதனையை மீண்டும் செய்தார்கள். பாலும் தயிரும் தொடர்ந்தும்கூட, சோடியம் இறங்க, கால்சியமும் கூடவே இறங்கியிருந்தது. சிறுநீரில் கல் உருவாவதைத் தடுக்கும் சிட்ரேட் மட்டும் எலுமிச்சைச் சாறு குடித்தும் போதிய அளவுக்கு ஏறவில்லை. அதற்கு மருத்துவர் பொட்டாசியம் சிட்ரேட் எழுதிக் கொடுத்திருக்கிறார்.