உட்கார ஒரு ஸ்டூல்

ஜவுளிக்கடையில் சேலை செக்‌ஷனில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். காலை ஒன்பதரைக்கு மாடி ஏறினால் இரவு ஒன்பதரை வரை நிற்க வேண்டும். ஆளே வராத மத்தியான நேரத்திலும் உட்காரக் கூடாது. ராத்திரி செருப்பைக் கழற்றினால் கால் வீங்கி, வார் பதிந்த தடம் அப்படியே இருக்கும்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தின. அப்புறம்தான் எங்கள் தளத்துக்கு நாலு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. முதல் நாள், என்னோடு வேலை பார்த்த அக்கா உட்காரவே இல்லை. சூப்பர்வைசர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் "உட்காருங்கக்கா" என்று சொன்ன பிறகு, ஸ்டூலின் நுனியில் மெதுவாக உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

சம்பளம் முக்கியம்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாதம் சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. இருந்தும் சாயங்காலம் முப்பதாவது புடவையை விரித்துக் காட்டும்போது எனக்கு எரிச்சல் வரவில்லை. நம்மையும் மனுஷியாகப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே போதுமாக இருந்தது.

இப்போதும் எந்தக் கடைக்குப் போனாலும் கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். சில இடங்களில் இருக்கிறது. அதன் மேல் துணியை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.