அந்த முதல் அசைவு

கர்ப்பத்தின் முதல் 12 வாரம் வெளியில் வயிறே தெரியாது, ஆனால் உடம்பு அடித்துப் போட்டதுபோல இருக்கும். குமட்டல் காலையில்தான் வரும் என்று நினைத்திருந்தேன், எனக்குச் சாயங்காலம்தான் ஆளையே சாய்த்தது. அப்புறம் மெல்லத் தெளிந்தது.

19-வது வாரம் ஒரு ராத்திரி ஒருக்களித்துப் படுத்திருந்தபோது அடிவயிற்றில் குமிழி உடைந்த மாதிரி இருந்தது, வாயு என்று நினைத்தேன், மறுபடியும் வந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே கிடந்தேன். முதல் குழந்தை என்றால் 20 வாரம் வரைகூட இந்த அசைவு தெரியாமல் இருக்கலாம், பயப்படாதீர்கள்.

28-வது வாரத்துக்கு மேல் நெஞ்செரிச்சல், கால் வீக்கம் எல்லாம் சகஜம். ஆனால் முகமும் கையும் திடீரென வீங்கினாலோ, தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள், அப்போதே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.