தண்ணி எங்கே ஊத்துறதுங்க?

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் எங்கள் மீனாட்சிபுரத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் காற்றுக்குப் பஞ்சம் வராது. மேற்கு மலைத்தொடரில் பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கும் மேல் அகலமாகத் திறந்து கிடக்கிறது. ஆனி, ஆடி வந்துவிட்டால் அரபிக்கடல் காற்று அந்த வழியாக எங்கள் தென்னந்தோப்புக்குள் புகுந்து, கொடியில் காயும் வேட்டியையும் எடுத்துக்கொண்டு பொள்ளாச்சிப் பக்கம் போய்விடும். இப்படிப்பட்ட ஊரில் காற்றால் குளிரும் என்ஜின் வைத்த ஒரு கார், காற்று போதவில்லை என்று சூடாகி நின்றால் அது என் மாமாவின் காராகத்தான் இருக்க வேண்டும்.

கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. 1954-இல் வந்த போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டரின் நகல். கவிழ்த்த தொட்டி போல வளைந்த உடம்பு, மடக்குக் கூரை, உட்கார்ந்தால் ரோடு இடுப்பை உரசும். மேலே ஃபைபர் பாடி, கீழே ஃபோக்ஸ்வாகன் பீட்டில். பீட்டிலின் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம், 2400 மில்லிமீட்டர், 356-க்கு 2100. அதனால் இப்படி நகல் செய்கிறவர்கள் பீட்டிலின் தரைத்தளத்தில் ஒரு அடி அளவுக்கு அறுத்து எடுத்துவிட்டு மறுபடி பற்றவைப்பார்கள். கேட்கவே வயிற்றைக் கலக்கும், ஆனால் உறவு முறைப்படி தப்பில்லை. பீட்டிலை வடிவமைத்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. 1948-இல் 356-ஐக் கொண்டுவந்தது அவர் மகன் ஃபெர்ரி. அசல் 356-இன் முதல் வண்டிகளே பீட்டில் சாமான்களை வைத்துத்தான் ஓடின. "நம்முளுது டூப்ளிகேட் இல்ல மாப்ளே, சின்ன வீட்டு வாரிசு" என்பார் மாமா, அத்தை காதில் விழாத தூரத்தில்.

இந்த வண்டியை வைத்துக்கொண்டு எங்கே நிறுத்தினாலும் ஒரே கேள்விதான். டீக்கடையில் நிறுத்தினால் முன்பக்கம் திறந்து காட்டச் சொல்வார்கள். திறந்தால் பெட்ரோல் டேங்க்கும் ஸ்டெப்னியும் இருக்கும். "ஐயோ, என்ஜினைக் காணோம்!" பின்பக்கம் திறந்து காட்டினால் என்ஜின் இருக்கும், ரேடியேட்டர் இருக்காது. "அப்போ தண்ணி எங்கே ஊத்துறதுங்க?" பக்கத்து வீட்டு மாஷ், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், இதை மலையாளத்தில் கேட்பார். "வெள்ளம் எவிடெ ஒழிக்கும்?" மாமா ஒவ்வொரு தடவையும் மார்பை நிமிர்த்திச் சொல்வார்: "தண்ணி கொதிக்கும். காத்து கொதிக்காது."

காற்று கொதிக்காது என்பது உண்மைதான். என்ஜின் கொதிக்குமே!

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட். வரையாடு பார்க்க அங்கே கூட்டம் நிற்கும். மாமாவின் கார் சரியாக அந்த இடத்தில் இழுவை குறைந்து, ஆயில் விளக்கு கண் சிமிட்ட, ஏதோ கருகும் வாசனையோடு ஓரங்கட்டியது. வரையாட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்த குடும்பங்கள் மொத்தமும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டன. ஆடுகூடப் புல் மேய்வதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தது என்று மாமா இன்றைக்கும் சொல்கிறார். ஒரு நல்ல மனிதர் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்து, ஊற்ற இடம் கிடைக்காமல், என்ஜின் தலையிலேயே ஊற்றப் போனார். சிலிண்டரை மூடியிருக்கும் சூடான அலுமினிய ஹெட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விட வாய்ப்பு உண்டு. மாமா குறுக்கே பாய்ந்து அந்தத் தண்ணீரைத் தன் சட்டையில் வாங்கிக்கொண்டார். கூட்டம் கைதட்டியது.

லாரியில் ஏற்றி ஊர் வந்ததும், இதற்கு முன் வண்டியைப் பார்த்த கார் மெக்கானிக்கிடம் போக மாமாவுக்கு மனமில்லை. எங்கள் பக்கத்தில் பழைய ஸ்கூட்டர் மட்டும் பார்க்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். லேம்பி, விஜய் சூப்பர், சேத்தக் தவிர வேறு எதையும் தொட மாட்டார். "ஏனுங்கண்ணா, கார் நமக்கு ஆகாதுங்க" என்றுதான் வந்தார். என்ஜினைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்தார். டார்ச்சை என்னிடம் கொடுத்து அடியில் அடிக்கச் சொன்னார். அப்புறம் கேட்டார்: "இதோட தகரமெல்லாம் எங்கீங்க?"

சேத்தக் ஓட்டியவர்களுக்கு இது உடனே விளங்கும். ஃப்ளைவீலில் ஃபேன் இருக்கும். அது அடிக்கிற காற்றைப் பிடித்து, சிலிண்டரைச் சுற்றியுள்ள செதில்களுக்குள் தள்ள ஒரு தகரக் கூடு இருக்கும். கூடு இல்லாவிட்டால் ஃபேன் பாட்டுக்கு ஊருக்கெல்லாம் விசிறும், சிலிண்டர் மட்டும் வேகும். பீட்டில் என்ஜினிலும் சூத்திரம் இதேதான், அளவுதான் பெரிது. நான்கு சிலிண்டர், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். மாமாவுடையது 1584 சிசி. மேலே டைனமோ. அதை ஒரு பெல்ட் சுற்றும். டைனமோவின் மறுமுனையில் ஃபேன், ஃபேனை மூடி ஒரு பெரிய கறுப்புத் தகரக் கூடு. அது காற்றை இரண்டாகப் பிரித்து இடமும் வலமும் கீழே தள்ளும். சிலிண்டர்களுக்கு மேல் மூடு தகரம். அவற்றுக்கு அடியில், காற்று வந்த வேகத்தில் நழுவி ஓடாமல் செதில்களைச் சுற்றி அணைத்துக்கொண்டு போக, வளைந்த தடுப்புத் தகரம். கடைசியாக என்ஜினைச் சுற்றி ஒரு தகர விளிம்பு, அதற்கும் பாடிக்கும் நடுவே ரப்பர். மேலே இருப்பது குளிர்ந்த காற்று, கீழே போவது சூடான காற்று. இரண்டும் சந்திக்கவே கூடாது. கீழே போன சூட்டை ஃபேன் மறுபடி உறிஞ்சினால், அதே வெந்நீரில் திரும்பத் திரும்பக் குளிப்பதுதான்.

மாமாவின் வண்டியில் பெரிய கூடு மட்டும் இருந்தது. அது கண்ணுக்குத் தெரியும், குரோம் அடித்திருந்தார்கள். மற்றதெல்லாம் ஃபைபர் பாடிக்குள் சரியாக அடங்கவில்லை என்று முன்பு வேலை பார்த்தவர் கழற்றிச் சாக்கில் கட்டி, "இதெல்லாம் குளிர் நாட்டுக்குங்க, நமக்கு வேண்டாம்" என்று கொடுத்துவிட்டாராம். மாமா அதை நம்பினார். குளிர் நாட்டில் குளிர வைக்க எதற்குத் தகரம் என்று அவர் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை என்று வையுங்கள், ஆனால் கார் என்னுடையது இல்லை.

சாக்கைத் தேடிப் போனால் சாக்கு இருந்தது, பாதித் தகரத்தைக் காணவில்லை. அத்தையிடம் கேட்டோம். "அந்தப் பழைய தகரமா?" என்றவர் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். என்ஜினின் முன்பக்க மூடு தகரம் அடுப்புச் சாம்பல் அள்ளும் முறமாக இருந்தது. சிலிண்டர் அடித் தகரம் ஒன்று கோழிக்கூண்டின் வாசலை அடைத்துக்கொண்டிருந்தது. அதன் ஜோடி பம்ப்செட் பெல்ட்டுக்கு மறைப்பாக, அடித்த பெயின்ட்டோடு, வேலை பார்த்துக்கொண்டிருந்தது. சும்மா சொல்லக்கூடாது, மூன்று இடத்திலும் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன. என்ஜினில் பொருத்தத்தான் பெரும்பாடு ஆயிற்று.

முதலில் என்ஜினை இறக்க வேண்டும். அது ஒன்றுதான் சுலபம். பீட்டில் என்ஜினை கியர்பாக்ஸோடு பிடித்திருப்பது நான்கே நான்கு போல்ட். அடித் தகரத்தை ஒழுங்காக வைக்க ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்றார் ஸ்கூட்டர் அண்ணன். மாமா முகம் வாடிவிட்டது. "அந்தத் துண்டு மட்டும் இல்லாம ஓட்டிக்கலாமா?" என்று நைசாகக் கேட்டார். "அந்தத் துண்டுக்குத்தானுங்க இத்தனையும்" என்றார் அண்ணன். கழற்றிப் பார்த்ததில் 3-ஆம் நம்பர் சிலிண்டர்தான் அதிகம் கறுத்திருந்தது. இது எங்கள் வண்டிக்கு மட்டும் வந்த சீக்கு இல்லை. பழைய பீட்டில் என்ஜின்களில் ஆயில் கூலர் அந்தத் தகரக் கூட்டுக்குள்ளேயே, 3-ஆம் நம்பருக்குப் போகிற காற்றை மறித்துக்கொண்டு நிற்கும். கூலரைக் கடந்து சூடான காற்றுதான் அதற்கு வரும். பிறகு 1971 மாடலில் கூலரைத் தள்ளி, தனிப் புடைப்பு வைத்து உட்கார வைத்தார்கள். மாமாவுடையது பழைய வகை. அண்ணன் அந்தச் சிலிண்டரைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார், "பாவமுங்க."

ரப்பருக்கு அலைந்தது தனிக்கதை. உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் பஸ் ஜன்னலுக்குப் போடுகிற பீடிங் கிடைத்தது. ஸ்பார்க் பிளக் ஒயர் உள்ளே போகிற ஓட்டைகளையும் ரப்பர் வளையம் போட்டு அடைக்க வேண்டும். அதற்கு டிராக்டர் ட்யூபை வெட்டினோம். வால்வ் இடைவெளி 0.15 மில்லிமீட்டர், எல்லாம் ஆறியபின் வைத்தாயிற்று. பெல்ட் இறுக்கம் டைனமோ புல்லியின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே வாஷர் போட்டும் எடுத்தும் சரிசெய்வது. அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மிச்ச வாஷரைப் புல்லியின் வெளிப்பக்கமே மாட்டி வைத்துக்கொள்ளலாம், தொலையாது. இதை யோசித்தவன் வீட்டில் கட்டாயம் ஒரு அத்தை இருந்திருக்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்ததும் ஊரே பல் கூசுகிற ஒரு சத்தம். மாமா சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். ஒன்றுமில்லை, ஃபேன் கூட்டில் உரசியது. ஃபேனுக்கும் மூடிக்கும் நடுவே சுமார் 2 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வாஷர் மாற்றியதும் அடங்கியது.

அடுத்துத்தான் ஊதுபத்தி. எங்கே சந்து இருக்கிறது, எங்கே கீழ்ச்சூடு மேலே ஏறுகிறது என்று பார்க்கப் புகை வேண்டும். கணவாய்க் காற்றில் புகை நிற்காது என்பதால் விடியற்காலையில் ஷெட்டின் கதவைச் சாத்திவிட்டு, கார் ஓடிக்கொண்டிருக்க, ஸ்கூட்டர் அண்ணன் கொத்தாகப் பத்தி கொளுத்தித் தகர விளிம்பு ஓரமாக மெல்லச் சுற்றிக்கொண்டு வந்தார். நான் டார்ச்சோடு பின்னால். சாமி அறையைப் போல மணந்தது. கதவிடுக்கில் பார்த்த அத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே போய் எலுமிச்சம்பழம், குங்குமம், சூடம் தட்டோடு வந்துவிட்டார். "இது பூஜை இல்ல, டெஸ்ட்!" என்று மாமா கத்தினார். "எதுவா இருந்தா என்ன, நல்லதுதானே" என்று குரோம் கூட்டில் மூன்று இடத்தில் குங்குமம் வைத்தார் அத்தை. சூடத்தைப் பார்த்ததும்தான் மாஷுக்கு உயிர் போயிற்று. பெட்ரோல் வண்டி, ஓடுகிற என்ஜின், மூடிய ஷெட், கொளுத்திய பத்தி. ஒரு வாளி மணலைத் தூக்கிக்கொண்டு வந்தவர், கதவைத் திறந்து போட்டுவிட்டு, எதிலாவது கொட்டாமல் போவதில்லை என்கிற மாதிரி நின்றார். சூடத்தை வெளியே வைத்துக் காட்டச் சொல்லிச் சமாதானம் ஆயிற்று. பக்கத்துத் தோட்டத்து அம்மா பொங்கல் உண்டா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இத்தனைக்கும் நடுவில் புகை தன் வேலையைச் செய்தது. இடது மூலையில் ஓர் இடத்தில் கோடாக உள்ளே இழுத்தது. அங்கே பீடிங் இன்னொரு துண்டு போயிற்று. மாமாவோ கூட்டின் பின்பக்கம் கையை வைத்துவிட்டு, "மாப்ளே, இங்க பாரு, என்னா காத்து!" என்று பூரித்தார். நானும் வைத்தேன். ஏசியே தோற்கும். அங்கே இரண்டு வட்ட ஓட்டைகள் திறந்து கிடந்தன.

"அது சிலிண்டருக்குப் போக வேண்டிய காத்துங்க" என்றார் ஸ்கூட்டர் அண்ணன்.

அந்த ஓட்டைகளை அடைக்கச் சரியான அளவில் ஒன்றும் அகப்படாமல், அத்தையின் பெருங்காய டப்பாக்கள் இரண்டு போயின. அளவெடுத்துச் செய்தது போல இறுகி உட்கார்ந்தன. அதன்பின் மாமா கோவிந்தாபுரம் வரை ஓட்டிவிட்டு வந்தார். ஸ்கூட்டர் அண்ணன் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவி விரலில் பிடித்துக்கொண்டு நின்றார். ஆயில் ரொம்பச் சூடாக இருந்தால் பிடிக்க முடியாதாம். அவர் பிடித்தார், மாமா பிடித்தார், மாஷும் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்துப் பார்த்தார். வண்டியில் கொஞ்சம் சாம்பார் வாசனை வருகிறது, அவ்வளவுதான்.

ஆனால் மாமா சும்மா இருப்பாரா? அந்த இரண்டு ஓட்டைகள் எதற்கு என்று தேடிப் படித்துவிட்டார். அதிலிருந்து குழாய் வழியாகக் காற்று சைலன்ஸர் பக்கமுள்ள பெட்டிகளுக்குப் போய்ச் சூடாகி, காருக்குள் வரும். அசல் ஹீட்டர். "தெரியாம அடைச்சுட்டமே. குழாய் போட்டுக் குடுங்க" என்றார் ஸ்கூட்டர் அண்ணனிடம்.

"மீனாட்சிபுரத்துல ஹீட்டரா?" என்றார் மாஷ்.

"வால்பாறைல மார்கழி குளிரு உங்களுக்குத் தெரியாது மாஷே."

ஸ்கூட்டர் அண்ணன் பதிலே சொல்லவில்லை. டூல்ஸ் பையை மாட்டிக்கொண்டு, தன் சேத்தக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தி, கிக்கரை உதைத்தார்.